ஊவா மலைக்குப் பியோனி வருமா?

பதுளையிலிருந்து பண்டாரவளை வழியாக அப்புத்தளைக்கு ஏறிச் செல்வோர், பழைய துரைமார் பங்களாக்களின் முற்றங்களைக் கண்டு, இவை இங்கிலாந்தின் பூந்தோட்டங்களோ என மயங்குவர். ரோசாவும் ஐதரேஞ்சியாவும் அங்கே தாய்மண்ணில் நிற்பன போலவே செழித்து நிற்கும். 1931இல் சர் தோமஸ் வில்லியர்ஸ் அப்புத்தளையில் எழுப்பிய அடிசம் மாளிகையின் தோட்டமும் அவ்வகையினதே. ஆயினும், வைகாசி மாதத்தில் ஆங்கில முற்றங்களை அரசாளும் பியோனி மட்டும் இம்மலைகளிற் குடிகொள்ளவில்லை. பூப்பிரியர் பலர் கேட்கும் கேள்வி, அது ஏன் என்பதே.

சைபீரியாவும் வட சீனமும் பியோனியின் பிறப்பிடங்கள். சீனர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதனை மலருக்காகவும் மருந்து வேருக்காகவும் வளர்த்து வருகின்றனர். இலையுதிர் காலத்தில் தண்டு மடிய, வேர் மண்ணுள் உறங்கும். வேரின் தலையிலுள்ள செந்நிறக் கண்கள், உறைநிலையை ஒட்டிய குளிரைப் பல வாரங்கள் அனுபவித்த பின்னரே விழிக்கும். 2 அங்குலத்துக்கும் ஆழமாக அக்கண்களைப் புதைத்தால் இலை வரும், பூ வராது. பதுளையோ ஏறத்தாழ 2,200 அடி உயரத்தது. பண்டாரவளை 4,000 அடி. இரண்டிலும் அத்தகைய குளிர் இல்லை. நுவரெலியாவில் தை மாசியில் சில விடியற்காலைகளில் உறைபனி படியினும், நண்பகல் வெயில் அதனைக் கலைத்துவிடும். கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் உறங்க வைக்கலாமே என்பாரும் உளர். அது பூவளர்ப்பன்று, பிடிவாதம்.

பியோனிக்கு இன்னொரு தேவையும் உண்டு. அது நின்ற இடத்திலேயே நிற்க விரும்பும். ஒருமுறை ஊன்றினால் ஐம்பது ஆண்டுகளும் பூக்கும். பாட்டி வைத்த செடியிற் பேத்தி பூப்பறிப்பாள். இடம் மாற்றினால் ஓரிரு ஆண்டு பிணங்கி நிற்கும். லயத்து மக்களின் முற்றத்தில் இத்தகைய செடிக்கு எவ்வாறு இடமிருக்கும்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் ஒப்பந்தமோ 525,000 பேரை இந்தியாவுக்கென வகுத்தது. அடுத்த ஆண்டு எந்நாட்டில் இருப்போம் என்றறியாதார், மூன்றாம் ஆண்டிற் பூக்கும் செடியை நடுவது எங்ஙனம்? 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோரை நாட்டவராக்கியது. எனினும், காம்பராவின் முன்னுள்ள அச்சிறு நிலத்துக்குக் காணி உறுதி இல்லாதோரே இன்றும் பலர்.

அம்முற்றங்களிற் பூத்துக் குலுங்குவது டேலியா. மெக்சிக்கோவின் மலைகள் அதன் தாயகம். 1791இல் மட்ரிட் நகரில் கவனில்லெஸ் என்னும் அறிஞர், தால் என்ற சுவீடிய தாவரவியலாளரின் பெயரை அதற்கு இட்டார். கடுங்குளிரை அது வேண்டுவதில்லை. மலைநாட்டின் இதமான தட்பமே போதும். பியோனியைப் போலவே மண்ணுக்கடியிற் கிழங்கு வைக்கும். ஆனால் தோண்டினாற் பிணங்காது.

ஊவாவில் டேலியாவுக்குப் பகை இரண்டு. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்று தேயிலைக்கு மணத்தைத் தரும், டேலியாவின் குழல்தண்டையோ ஒடித்துவிடும். ஆதலின் கிழங்கு ஊன்றும்போதே மூங்கிற்குச்சியையும் ஊன்றல் வேண்டும். பின்னர் ஊன்றினாற் குச்சி கிழங்கைத் துளைக்கும். மற்றது ஐப்பசி மழை. நீர் தேங்கும் பாத்தியிற் கிழங்கு அழுகும். மழை இறங்குமுன் தண்டை வெட்டி, கிழங்குக் கொத்தைத் தோண்டி, நிழலில் உலர்த்தி, உலர்ந்த மணலில் வைக்கலாம். வெட்டுவாயில் மிலாறு எரித்த சாம்பலைத் தடவுக. அதற்கு லயத்து அடுப்புகளிற் பஞ்சமில்லை.

மாசியில் மீண்டும் நடுகையிற் கொத்தைப் பிரிப்பர். கண் இருப்பது கிழங்கின் உடலில் அன்று, தண்டோடு சேரும் கழுத்தில். கழுத்து முறிந்த கிழங்கு எத்துணை பருத்ததாயினும் முளையாது. கவனமாகப் பிரித்தால் ஒரு கொத்து நான்கைந்து செடியாகும். ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அடுத்த காம்பராக்களுக்குக் கொடுக்கலாம்.