கால்வாயும் வாய்க்காலும்: ஒரு கரைவழி நடையில் கண்ட சொற்கள்

 

பயன்பாட்டை இழந்த ஒரு கால்வாயின் கரையில், இரண்டு ஊர்களுக்கு இடையே ஒரு காலைப்பொழுதில் நடந்த அனுபவத்தை முன்வைத்துச் சொற்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஒரு பொருள் வழக்கொழிந்தால் அதைச் சுற்றி வாழ்ந்த சொற்கள் என்னவாகின்றன? அச்சொற்களை அப்பொருளைக் கண்டிராத பிள்ளைகளுக்கு நாம் எவ்வாறு கற்பிப்பது? இவ்விரு வினாக்களே இவ்வுரையின் அடிப்படை.

1. ஒரு சொல்லின் இரு முகங்கள்

தமிழிலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. இலக்கணப்போலியை விளக்கும்போது ‘கால்வாய்’ என்பது ‘வாய்க்கால்’ என முன்பின்னாக மாறி வழங்குவதைச் சொல்வோம். ‘கால்’ என்பதற்கு நீரோடும் வழி என்னும் பொருள் உண்டு. ‘வாய்’ என்பது திறப்பு, நீர் புகும் இடம். கால்வாய் என்று புணரும்போது வகரம் இடையினமாதலின் இயல்பாய் நிற்கிறது. வாய்க்கால் என்று புணரும்போது யகர மெய்யின் முன் ககரம் மிகுகிறது. கரும்பலகையில் எழுதி விளக்க இது போதும்.

ஆனால் வழக்கு கரும்பலகையோடு நிற்பதில்லை. இலக்கணம் ஒன்றெனக் கண்ட இவ்விரு வடிவங்களையும் மக்கள் இன்று வேறுபடுத்தியே ஆள்கின்றனர். வயலுக்கு நீர் பாய்ச்சுவது வாய்க்கால். படகு செல்லும் அளவுக்கு அகன்றது கால்வாய். வாய்க்காலில் பிள்ளைகள் குதித்து விளையாடுவர். சூயசையும் பனாமாவையும் வாய்க்கால் என்று இன்று எவரும் எழுதுவதில்லை. சிங்கப்பூரில் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் காரைச் சுவர்களுக்கு இடைப்பட்ட நீர்வழியும் நமக்குக் கால்வாய்தான். பொருள் பிரிந்தபோது, ஏற்கெனவே இருந்த இரு வடிவங்களையும் மொழி வீணாக்காமல் பங்கிட்டுக் கொடுத்துள்ளது. இப்பங்கீடு தொன்மையானது அன்று என்பதற்கு ஒரு சான்றைப் பின்னர்க் காண்போம்.

மலாய் மொழியில் பெருங்கால்வாய்க்குத் ‘தெருசான்’ என்று பெயர். நேரே, தடையின்றி என்னும் பொருளுடைய ‘தெருஸ்’ என்னும் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. வயலுக்கு நீர் தரும் வாய்க்காலோ ‘தாலி ஆயேர்’, அதாவது நீர்க்கயிறு. தமிழன் நீர் நுழையும் வாயைக் கண்டான். மலாய்க்காரர் நீர் ஓடும் நேர்மையையும் நீட்சியையும் கண்டனர். ஒரே பொருளை இரு மொழிகள் எங்கே நின்று பார்த்தன என்பதைச் சொற்பிறப்புக் காட்டிக்கொடுக்கிறது.

2. நெம்மேலி முதல் பட்டிபுலம் வரை

நாங்கள் நடந்தது சென்னைக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாயின் கீழைக் கரையில். ஆந்திரத்தின் காக்கிநாடா தொடங்கித் தமிழகத்தின் மரக்காணம் பகுதி வரை, கடலை ஒட்டி ஏறத்தாழ 796 கிலோமீட்டர் நீளும் உப்புநீர் வழி அது. 1806ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரையிலான முதற்பகுதி அமைந்தது. பிறகு வடக்கும் தெற்குமாகப் பல கட்டங்களில் நீண்டது. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகள் அதில் சென்று வந்தன. இருப்புப்பாதையும் சாலையும் வளர்ந்தபின் சரக்கு குறைந்தது. 1965, 1966, 1976 ஆகிய ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. அதன்பின் படகுப் போக்குவரத்து ஏறக்குறைய அற்றுப்போயிற்று.

தை மாதத்து விடியலில் நெம்மேலியிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். உடன் வந்தவர்கள் ஆய்வு மாணவர் இருவர். ஒருவர் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர். இடப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓசை. அதற்கும் அப்பால் கடல். வலப்புறம் அசைவே இல்லாததுபோல் தோன்றும் நீர். சவுக்குத் தோப்புகளும் பனைகளும் மாறி மாறி வந்தன. பல இடங்களில் சீமைக்கருவேலம் வழியை மறித்தது. நெகிழிப் பைகள் முள்ளில் சிக்கிக் காற்றில் படபடத்தன. கால்வாயைத் தோண்டியபோது எடுத்த மண்ணே இருபுறமும் மேடாகக் குவிந்து கரையாகியிருந்தது. பள்ளமும் மேடும் ஒரே உழைப்பில் பிறந்த இரட்டையர்.

கிருஷ்ணன்காரணையை நெருங்கும்போது, இடுப்பளவு நீரில் இருளர் இனப் பெண்கள் சிலர் வரிசையாய் நகர்ந்துகொண்டிருந்தனர். அடிச்சேற்றைக் கையால் துழாவி இறாலைப் பிடித்து, வாயில் கவ்வியிருந்த ஓலைக்கூடையில் போட்டனர். அக்கூடையின் பெயரைக் கேட்டபோது, கரையில் நின்ற ஒரு பெண் ‘பறி’ என்றார். மலேசிய மாணவர் எம்மைத் திரும்பிப் பார்த்தார். அவர் அறிந்த ‘பறி’ வினைச்சொல்: பூப்பறித்தல், வழிப்பறி. மீன் இடும் கூடைக்கும் அதுவே பெயர் என்பதை அவர் அகராதியில் கண்டிருக்கக்கூடும். ஆனால் அன்றுதான் அச்சொல்லிலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டார்.

இன்னும் சற்றுத் தொலைவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களுடன் சிறிது தூரம் நடந்தார். மாணவர் அவரைத் ‘தாத்தா’ என்றழைத்து, படகு போனதைப் பார்த்ததுண்டா என்று கேட்டார். “பாத்திருக்கேனே. சின்னப் புள்ளையில பாத்தது. ஒரு ஆளு கரைமேல கயிறு கட்டி இழுத்துக்கினு போவான். இன்னொருத்தன் படகுல நின்னு கோலு போடுவான். காத்து தோதா வந்தா பாய ஏத்திடுவாங்க, இழுக்கறவனும் ஏறிக் குந்திக்குவான்” என்றார்.

இச்சிறு பேச்சில் எத்தனை சொற்கள்! படுக்கும் பாயும் படகின் பாயும் ஒரே சொல் என்பதை மாணவர் அங்கேயே குறித்துக்கொண்டார். ‘கோல் போடுதல்’ என்பது நீரின் அடியில் கழியை ஊன்றிப் படகைத் தள்ளுதல். ‘தோதா வந்தா’ என்னும் தொடரில் வரும் ‘தோது’, காற்றும் திசையும் வேலையும் ஒன்றுக்கொன்று இசைந்து வருவதை ஒரே சொல்லில் அடக்குகிறது. அவர் நின்ற கரையே படகிழுப்போர் நடந்து தேய்ந்த வழி. அவ்வழிக்குத் தனிப்பெயர் உண்டா என்று கேட்டோம். “வழிதான், வேறென்னா?” என்று சிரித்தார். எல்லாவற்றுக்கும் தனிச்சொல் இருந்தே தீரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நம்மைப் போன்ற மொழியியலாளரின் பேராசை.

இழுப்பவரும் தள்ளுபவருமாகிய இவ்விருவரையும் தமிழிலக்கியம் மறந்துவிடவில்லை. பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களுடன் இக்கால்வாயில் படகேறி மாமல்லபுரம் சென்றதைப் பாடிய பாடலின் பெயர் ‘மாவலிபுரச் செலவு’. அதில் படகோட்டிகளின் கடும் உழைப்பு உருக்கமாகப் பேசப்படுகிறது. நம் பொருளுக்கு இரண்டு செய்திகள் அதிலிருந்து கிடைக்கின்றன. தலைப்பிலுள்ள ‘செலவு’ பணச்செலவன்று, பயணம். செல்லுதல் என்னும் வினையின் பழம்பொருளைக் கவிஞர் மீட்டெடுத்தார். மற்றொன்று, படகு செல்லும் இப்பெருநீர் வழியை அவர் ‘வாய்க்கால்’ என்றே குறித்தார். நாம் முன்னர்க் கண்ட பொருட்பங்கீடு அவர் காலத்தில் இன்னும் இறுகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

3. பெயர் பெற்றவரும் பெறாதவரும்

இனி ‘பக்கிங்காம்’ என்னும் பெயருக்கு வருவோம். தொடக்கத்தில் இது கொக்கரேன் கால்வாய் எனப்பட்டது. முதற்பகுதியை அமைத்தவரின் பெயர் அது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. நிவாரண வேலையாக, 1877–78இல் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி வெட்டப்பட்டது. 1878இல், அப்போது ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது.

அப்பஞ்சத்துக்கு மக்கள் இட்ட பெயர் ‘தாது வருஷப் பஞ்சம்’. அறுபதாண்டுச் சுழற்சியில் அது தொடங்கிய ஆண்டு தாது. பஞ்சம் அடுத்த ஆண்டிலும் தொடர்ந்தது. ஆயினும் முதல் அடி விழுந்த ஆண்டே பெயராக நின்றுவிட்டது. ஆட்சியாளர் கால்வாயை ஆளுநரால் நினைத்தனர். மக்கள் பஞ்சத்தைக் காலத்தால் நினைத்தனர். மண்சுமந்த கைகளுக்கு இவ்விரு பெயர்களிலும் இடமில்லை.

அவர்கள் பெற்ற கூலி எவ்வளவு? 1877இன் தொடக்கத்தில் நிவாரண வேலை செய்த ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என வரையறுக்கப்பட்டது. கடும் உடலுழைப்புக்கு இது போதாது என்று அக்காலத்திலேயே கண்டனம் எழுந்தது.

‘கூலி’ என்னும் சொல்லையும் இங்கே நோக்குதல் வேண்டும். தமிழில் அது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். ஆங்கிலத்திலும் மலாயிலும் அது ஊதியத்தைக் குறிக்காமல் உழைப்பவனையே குறிக்கிறது. அப்பிறமொழிச் சொல்லின் மூலம் தமிழா, வேறா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இருபொருளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஒருவன் பெறும் பொருளும் அவனும் ஒன்றாக எண்ணப்பட்ட காலத்தின் தடம் அது.

இது நமக்குத் தொலைவான வரலாறன்று. அதே காலத்தில், அதே வறட்சி துரத்த, சிலர் மண்வெட்டியை எடுத்தனர். சிலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். கால்வாய் வெட்டியவரும் கடல் கடந்தவரும் ஒரே பசியின் பிள்ளைகள். எம்முடன் நடந்த மலேசிய மாணவர் இதைக் கேட்டபின் நெடுநேரம் பேசவில்லை. பட்டிபுலத்தை அடையும்போது, “என் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா எந்த ஆண்டில் வந்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது ஐயா. பஞ்சத்தில் வந்தார் என்று மட்டும் சொல்வார்கள்” என்றார். அவ்வீட்டில் எஞ்சியிருந்த வரலாறு ‘பஞ்சத்தில்’ என்னும் அந்த ஒரு சொல்தான். அதற்கு முன்னால் ‘தாது’ என்பதைச் சேர்க்கலாமா என்பதை இனி அவர்தாம் தேடிக் காணவேண்டும்.

4. வகுப்பறைக்கு ஒரு விண்ணப்பம்

சென்னை நகரில் இக்கால்வாயின் மீது இன்று பறக்கும் இருப்புப்பாதையின் தூண்கள் நிற்கின்றன. அடியில் கழிவுநீர் தேங்குகிறது. நகரத்துப் பிள்ளைக்குக் ‘கால்வாய்’ என்றவுடன் நினைவுக்கு வருவது நாற்றம். ஆயினும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபோது, பொங்கி வந்த நீரைப் பல இடங்களில் வாங்கிக்கொண்டு வேகத்தைத் தணித்தது இதே கால்வாய். பயனற்றது என்று நாம் ஒதுக்கியது தன் பயனை மறந்துவிடவில்லை. சொற்களும் அத்தகையனவே. பறியும் கோலும் தோதும் செலவும் வழக்கில் மெலிந்திருக்கலாம்; தேவை எழும்போது அவை எழுந்து வரும், நாம் தூர்த்துவிடாதிருந்தால்.

ஆசிரியர்களுக்கு எம் விண்ணப்பம் இதுவே. சொற்பொருள் பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதோடு நில்லாமல், ஆண்டுக்கொரு முறையேனும் மாணவரை ஒரு நீர்வழியின் ஓரமாக நடத்திச் செல்லுங்கள். அதற்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. சிங்கப்பூரில் ரோச்சோர் கால்வாய் உண்டு. கெடாவில் 1885இல் வெட்டத் தொடங்கிய வான் மாட் சமான் கால்வாய் அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் நோக்கி நீள்கிறது. நடக்கும்போது மாணவர் மூன்று பத்திகளாகக் குறிப்பெழுதட்டும்: கண்ணால் கண்ட பொருள், அதற்குத் தமக்குத் தெரிந்த சொல், வீட்டில் பாட்டியோ தாத்தாவோ அதற்கு வழங்கும் சொல். இரண்டாம் பத்தியில் ஆங்கிலமோ மலாயோ இருந்தால் அதையும் அப்படியே எழுதட்டும், திருத்த வேண்டா. மூன்றாம் பத்தியை நிரப்ப அவர்கள் வீட்டில் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். அக்கேள்வியே பாடம்.

மாணவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டு முதியவர் சொல்லும் ஒரு சொல் பாடநூலில் இல்லையென்றால், அது தவறான சொல் என்று எண்ணிவிடாதீர்கள். பாடநூல் ஒரு கரை. பேச்சு வழக்கு மறு கரை. இரண்டும் இருந்தால்தான் நடுவில் நீர் ஓடும்.