ஏகமனதாக என்று எழுதும் முன்...

(தகவல் தொழில்நுட்ப அணியின் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத தோழர்களுக்காக இங்கே பகிர்கிறோம்.)



நம் கிளைக் கூட்டத்தில் நீங்கள் பலமுறை பார்த்த காட்சிதான். தலைவர் தீர்மானத்தை வாசிப்பார். "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்பார். பின்வரிசையில் இருக்கிற ஒருத்தர் பேசலாமா வேண்டாமான்னு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கைதட்டல் வந்துடும். மினிட் புத்தகத்தில் 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதிவிடுவோம். அந்தத் தோழர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். ஏன் வரலைன்னு நாமும் கேட்கமாட்டோம்.

இன்று நான் பேச வந்தது கட்டற்ற மென்பொருளை உருவாக்குகிறவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பற்றி. அங்கே எல்லாமே ஜனநாயகம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடும் லினக்ஸ் கருநிரலில் கடைசி வார்த்தை இன்றைக்கும் லினஸ் டோர்வால்ட்ஸுடையதுதான். ஆனால் வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள்.

1995இல் அப்பாச்சி என்ற இணைய வழங்கியை உருவாக்கியவர்கள் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் இல்லை. ஆளுக்கொரு ஊர், பேச்செல்லாம் மின்னஞ்சலில். அவர்கள் வளர்த்த வழக்கம் இது: ஒரு மாற்றத்துக்கு ஆதரவு என்றால் +1, எதிர்ப்பு என்றால் -1. நிரலை மாற்றும் விஷயத்தில் தகுதியுள்ள ஒரே ஒருத்தர் -1 போட்டாலும் அந்த மாற்றம் நிற்கும். பத்துப் பேர் ஆதரித்தாலும் நிற்கும்!

"அப்படின்னா ஒருத்தர் முரண்டு பிடிச்சா எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. -1 போடுகிறவர் தொழில்நுட்பக் காரணத்தைச் சொல்ல வேண்டும். காரணம் இல்லாத -1 செல்லாது. எனக்குப் பிடிக்கல, என்னைக் கேக்கல என்பதெல்லாம் கணக்கில் வராது. புதிய பதிப்பை வெளியிடுவதா என்ற வாக்கெடுப்பில் இந்தத் தடை அதிகாரமே கிடையாது. அங்கே குறைந்தது மூன்று +1 வேண்டும், எதிர்ப்பைவிட ஆதரவு கூடுதலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மௌனம் சம்மதம் என்று நாம் சொல்வதை அவர்களும் ஏற்கிறார்கள். ஆனால் அந்த மௌனத்துக்குக் கால அவகாசம் உண்டு. செய்யப்போவதை எழுத்தில் வைத்துவிட்டு, வழக்கமாக 72 மணி நேரம் காத்திருப்பார்கள். உலகத்தின் இன்னொரு மூலையில் தூங்கிக்கொண்டிருப்பவர் எழுந்து, படித்து, யோசித்து, வேண்டாம் என்று சொல்ல அந்த நேரம். நம்ம தலைவர் தர்றது எத்தனை விநாடி? நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

இணையத்துக்கான தொழில்நுட்பத் தரங்களை எழுதும் ஐ.இ.டி.எஃப். என்ற அமைப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அதற்கு உறுப்பினர் அட்டையே கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். உறுப்பினர் பட்டியல் இல்லாத இடத்தில் தலையை எண்ணி என்ன பயன்? 1992இல் டேவிட் கிளார்க் அங்கே ஆற்றிய உரையில், அரசர்களும் வேண்டாம், அதிபர்களும் வேண்டாம், வாக்கெடுப்பும் வேண்டாம், ஓரளவான ஒத்த கருத்தும் ஓடுகிற நிரலும் போதும் என்றார். அந்தக் கூட்டங்களில் கை தூக்கச் சொல்வதற்குப் பதிலாக வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஓசை எழுப்பச் சொல்வார்கள். சிரிக்காதீங்க, உண்மைதான்! அறை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அது. விவாதம் அதோடு முடிவதில்லை.

2014இல் பீட் ரெஸ்னிக் இந்த முறையை விளக்கி அங்கே ஓர் ஆவணம் எழுதினார். நூறு பேர் ஆதரித்து ஐந்து பேர் எதிர்த்தாலும் அது ஒத்த கருத்து ஆகாமல் போகலாம் என்கிறார். அந்த ஐந்து பேர் சொன்ன காரணத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால் வேலை முடியவில்லை. அதேபோல, ஐந்து பேர் ஆதரித்து நூறு பேர் எதிர்த்தாலும் ஒத்த கருத்து இருக்கலாம், அந்த நூறு பேரும் காரணம் ஏதும் இல்லாமல் வந்து நின்றவர்கள் என்றால். ஆள் திரட்டுவதில் நாம கெட்டிக்காரங்க, தோழர்களே. அந்தக் கெட்டிக்காரத்தனம் அங்கே எடுபடாது.

எதிர்த்தவர் சொன்னதை ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. கேட்டு, ஆராய்ந்து, ஏன் ஏற்கவில்லை என்று பதில் சொல்லியிருக்க வேண்டும்.

இதெல்லாம் எப்போதும் பலிக்கிறதா? டெபியனைப் பாருங்கள். 1993இல் தொடங்கியது; எழுதப்பட்ட அரசியலமைப்பு இருக்கிறது, ஆண்டுதோறும் தலைவர் தேர்தல் நடக்கிறது. கணினி தொடங்கும்போது மற்ற எல்லாவற்றையும் எழுப்பிவிடும் நிரலாக எதை வைப்பது என்று அங்கே பெரிய சண்டை வந்தது. மாதக்கணக்கில் விவாதம். 2014 பிப்ரவரியில் எட்டுப் பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு நாலுக்கு நாலு என்று பிரிந்தது. தலைவரின் தீர்மான வாக்கில் சிஸ்டம்டி வென்றது. கேள்விக்கு விடை கிடைத்தது, மனக்கசப்பு தீரவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் சிலர் பொறுப்புகளை விட்டு விலகினார்கள். ஒரு சாரார் மொத்த நிரலையும் நகலெடுத்துக்கொண்டு டெவுவான் என்று தனியாகப் போனார்கள். கட்டற்ற மென்பொருளில் அது அவர்கள் உரிமை. (பிரிஞ்சு போறதைப் பத்தி அரசியல்காரங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.) டெபியன் இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் அந்த நாலு பேருடைய கருத்து ஒரே ஒரு வாக்கில் தோற்றது என்பதை மறக்க முடியாது.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். பேசிப் பேசி முடிவெடுக்கிற இடத்தில் நேரம் இருப்பவன் கை ஓங்கும். இந்த வேலைக்கே நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர் நாள் முழுக்கப் பதில் எழுதலாம். வேலைக்குப் போய்விட்டு வந்து, சமைத்து, பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு கணினியைத் திறக்கும் பெண்ணால் எத்தனை மின்னஞ்சலுக்குப் பதில் எழுத முடியும்? நம் கூட்டம் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்குவதும் இதே கதைதான்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே தீர்மான வரைவை வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கூட்டத்தை மாலையிலேயே வையுங்கள். எதிர்க்கிறவர் காரணம் சொல்லட்டும். அந்தக் காரணமும் அதற்கு நாம் தந்த பதிலும் மினிட் புத்தகத்தில் ஏறட்டும். பதில் இல்லையென்றால் தீர்மானத்தை ஒத்திவையுங்கள்.

இந்த யோசனைக்கே இங்கே சிலருக்கு ஆட்சேபணை இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் மேடையிலிருந்து இறங்கி உட்கார்றேன். பின்வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம்.