எடுத்துப் பயன்படுத்துவதே இன்பம்!

நடுவர் அவர்களே!   

அரிய பொருள்களாலே நமக்கு இன்பம் வருவது சேர்த்து வைப்பதிலா, எடுத்துப் பயன்படுத்துவதிலா? இதுதான் இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவி அம்மா ரொம்ப உருக்கமாகப் பேசினாங்க. "என் கல்யாணப் பட்டை முப்பது வருஷமா மடிப்புக் கலையாம வச்சிருக்கேன்" என்றார்கள். நல்ல கைதட்டல். அம்மா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீட்டுக்குப் போய் அந்தப் புடவையை விரிச்சுப் பாருங்க. மடிப்பு கலைந்திருக்காது. ஆனா மடிச்ச இடத்திலேயே ஜரிகை விட்டுப் போயிருக்கும்! கட்டிக் கிழிஞ்சா புடவைக்கு மரியாதை. கட்டாமலே கிழிஞ்சா அது யாருக்கு மரியாதை? (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, எல்லோரும் புடவையும் வெள்ளிக் குத்துவிளக்கும் சாட்சிக்குக் கொண்டு வந்தாங்க. நான் கொண்டு வந்திருக்கிற சாட்சி வேறே. துப்பாக்கி! பயப்படாதீங்க ஐயா, கையிலே இல்லே. (சிரிப்பு) சாட்சி அமெரிக்காவிலே இருக்கு.

ஏன் அமெரிக்கா? நம்ம நாட்டிலே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாம துப்பாக்கியைத் தொட முடியாது. உரிமம் இருந்தாலும் முன்னே மூன்று வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை, 2019-இலே இரண்டு என்று குறைத்துவிட்டார்கள். இரண்டை வைத்துக்கொண்டு சேகரிப்பு என்று எப்படிச் சொல்வது? அதனாலே சேகரிக்கிறவர்களைப் பார்க்கணும்னா அங்கேதான் போகணும்.

சில ஆண்டுகளுக்கு முன்னாலே ஒஹையோ மாநிலத்திலே என்னுடைய பழைய மாணவர் வீட்டிலே பத்து நாள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டிலே ஒரு பெரியவர். தபால் இலாகாவிலே கடிதம் கொடுத்து ஓய்வு பெற்றவர். பென்ஷன்தான் வருமானம். அந்த மனுஷன் வீட்டிலே இரும்புப் பெட்டகத்திலே ஏழு பழைய ரிவால்வர்கள்! "ஐயா, இதெல்லாம் பணக்காரன் பொழுதுபோக்கு ஆச்சே, உங்களுக்கு எப்படி?" என்று கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "பணக்காரன் பார்க்கிறதுக்கு வாங்குவான். நான் சுடுறதுக்கு வாங்குறேன். அதனாலே எனக்கு மலிவு."

யோசிச்சுப் பாருங்க. எவ்வளவு பெரிய விஷயம்!

இந்த ரிவால்வர் என்பது என்ன? சுழலுகிற உருளையிலே தோட்டாக்கள் வரிசையா இருக்கும். குதிரையைப் பின்னுக்கு இழுத்தா உருளை ஒரு அறை திரும்பும். குதிரைன்னா நாலு கால் குதிரை இல்லே. துப்பாக்கியிலே தோட்டாவின் அடியிலே போய் அடிக்கிற அந்தச் சுத்திக்கு நம்ம தமிழிலே குதிரை என்றுதான் பேர். 1836-இலே சாமுவேல் கோல்ட் என்பவர் அமெரிக்காவிலே இதற்குக் காப்புரிமை வாங்கினார். முதல் கம்பெனி ஆறே வருஷத்திலே மூழ்கிப் போச்சு. அவர் விடலே. 1847-இலே மறுபடி எழுந்தார். இன்னொரு பக்கம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன். உருளையை முழுக்கத் துளைத்து, பின்பக்கமாகத் தோட்டா போடுகிற முறைக்கு ரோலின் வொயிட் என்பவர் காப்புரிமை வைத்திருந்தார். அதைப் பயன்படுத்துகிற தனி உரிமையை இவங்க வாங்கிக்கிட்டாங்க. 1869-இலே அந்தக் காலக்கெடு முடிகிற வரைக்கும் கோல்ட் கம்பெனி கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்றது. இப்படிப்பட்ட இரண்டு வீட்டுச் சண்டையிலே பிறந்த பிள்ளைகள்தான் இந்தப் பழைய ரிவால்வர்கள்.

இப்போ எதிரணியின் கட்சிக்கு வருகிறேன். கோல்ட் பைத்தான் என்று ஒன்று. 1955-இலே வந்தது. கண்ணாடி மாதிரி நீலம் மின்னும். விலை உச்சத்திலே இருக்கு. அதை வாங்கின ஒருவர் என்ன செய்வார் தெரியுமா? சுடமாட்டார். சுடாட்டிப் போகட்டும், உருளையைச் சுழற்றிக்கூடப் பார்க்கமாட்டார்! ஏன்? சுழற்றினால் உருளையைச் சுற்றி மெல்லிசா ஒரு கோடு விழும். கோடு விழுந்தா விலை குறையும். சுழல் துப்பாக்கியை வாங்கிச் சுழற்றாமலே வைத்திருக்கிறார் ஐயா! (சிரிப்பு) இப்படிப் பெட்டகத்தை விட்டே வெளியே வராத துப்பாக்கிக்கு அந்த ஊரிலே 'பெட்டக ராணி' என்று கேலிப்பேர். ராணிதான். ஆனா அந்தப்புரம் இல்லே, ஆயுள் சிறை!

அடுத்த வீட்டுப் பெரியவர் வழி வேறே. அவர் முதல்லே வாங்கினது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மில்டரி அண்ட் போலீஸ். 1899-இலே வந்த வடிவம். 1957-க்குப் பிறகு மாடல் 10 என்று பேர். அறுபது லட்சத்துக்கு மேலே செய்திருக்கிறார்கள். அமெரிக்கப் போலீஸ்காரர் இடுப்பிலே தலைமுறை தலைமுறையாத் தொங்கினது இதுதான். 1980-களிலும் 90-களிலும் போலீஸ் இலாகாக்கள் புதுவகைப் பிஸ்டலுக்கு மாறினபோது, இவற்றையெல்லாம் மொத்தமாக் கழிச்சுவிட்டாங்க. உறையிலே போட்டு எடுத்து எடுத்து வெளிப்பூச்சு தேய்ஞ்சிருக்கும். ஆனா பல போலீஸ்காரர் வருஷத்துக்குச் சில தடவை பயிற்சியிலே சுட்டதோடு சரி. வெளியிலே தேய்மானம், உள்ளே புதுசு! நம்ம ஊர்த் தமிழ் வாத்தியார் மாதிரி! (சிரிப்பு, கைதட்டல்) அழகு பார்க்கிறவன் அதை ஒதுக்குவான். பயன் பார்க்கிறவன் குறைஞ்ச விலைக்குத் தூக்கிட்டு வருவான்.

எதைப் பார்த்து வாங்குவீங்க என்று கேட்டேன். பெண் பார்க்கப் போறவன்கூட இவ்வளவு பார்க்கமாட்டான்! முதல்லே காலியா இருக்கா என்று பார்ப்பார். குதிரையை மெதுவாப் பின்னுக்கு இழுத்தா உருளை சரியான இடத்திலே வந்து 'க்ளிக்' என்று பூட்டணும். முன்னும் பின்னும் உருளை ஆடக்கூடாது. உருளைக்கும் குழலுக்கும் நடுவிலே இடைவெளி, அங்குலத்திலே ஆயிரத்தில் நாலு முதல் எட்டு பங்குக்குள்ளே இருக்கணும். குழலுக்குள்ளே விளக்கடிச்சா வரிகள் கூர்மையாத் தெரியணும். திருகாணித் தலை சிதைஞ்சிருந்தா, தெரியாத கை உள்ளே புகுந்திருக்கு என்று அர்த்தம். புதுப் பூச்சுப் பூசிப் பளபளன்னு இருந்தா ஒதுக்கு. பழைய எழுத்துகள் மழுங்கியிருக்கும். இத்தனையும் யாருக்குத் தெரியும்? பயன்படுத்துகிறவனுக்குத்தான் தெரியும். அலமாரிக்கு வாங்குறவனுக்கு அட்டைப்பெட்டி கிழியாம இருக்கான்னு பார்க்கத்தான் தெரியும்.

ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சேகரிக்க அங்கே தனி உரிமம் இருக்கு. மூன்று வருஷத்துக்கு 30 டாலர் கட்டணம். செலவு துப்பாக்கியிலே இல்லே, தோட்டாவிலே. அதற்கும் வழி வைத்திருந்தார். சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டை ஒன்று விடாமப் பொறுக்குவார். வீட்டிலே ஒரு மேசை. பழைய மருந்து முனையை எடுத்துப் புதுசு பொருத்தி, அளந்து வெடிமருந்து போட்டு, தானே வார்த்த ஈயக்குண்டை மேலே வைத்து அழுத்துவார். ஒரே கூடு பல தடவை வரும். சட்டைக்குக் காலர் திருப்பித் தைத்த நம்ம அப்பாக்கள் நினைவு எனக்கு வந்தது.

இன்னொரு வேடிக்கை. .38 ஸ்பெஷல் தோட்டா என்று பேர். அளந்து பார்த்தா குண்டு 0.357 அங்குலம்தான்! என்ன ஐயா அநியாயம் என்றேன். அந்தக் காலத்திலே குண்டும் கூடும் ஒரே பருமன். பிறகு குண்டு கூட்டுக்குள்ளே போச்சு, மெலிஞ்சு போச்சு. பேர் மட்டும் பழைய பேராவே நின்னுடுச்சு. சம்பளச் சீட்டிலே ஒரு தொகை, கைக்கு வர்றது ஒரு தொகை இல்லையா, அதுமாதிரி! (சிரிப்பு)

"எல்லாத்தையும் சுட்டுத் தீர்த்தா வரலாறு மிஞ்சுமா?" என்று எதிரணித் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. தம்பி, சுடக்கூடாதது எது என்று தெரிந்தவரும் அவர்தான். அவரிடம் பிரிட்டிஷ் வெப்ளி ஒன்று இருந்தது. 1915-இலே வந்த ஆறாம் வகை. உண்மையிலே அது .455 தோட்டாவுக்குச் செய்தது. அமெரிக்காவுக்கு வந்த பிறகு, எளிதாக் கிடைக்கிற .45 ஏசிபி தோட்டா போட வேண்டும் என்பதற்காகப் பலவற்றின் உருளையைச் சீவிவிட்டார்கள். அளவு பொருந்தும். ஆனா கடையிலே வாங்குற தோட்டாவின் அழுத்தம் அந்தப் பழைய உருளைக்கு அதிகம். அவர் அதிலே கடைத் தோட்டா போடவே மாட்டார். குறைஞ்ச மருந்திலே தானே செய்ததுதான் போடுவார். கரிமருந்துக் காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. அதைச் சுடுவதே இல்லை. துடைத்து, எண்ணெயிட்டு வைப்பதோடு சரி. பயன்படுத்துவது என்றால் பாழாக்குவது இல்லை. பொருளின் வயசையும் பலத்தையும் அறிந்து நடப்பது.

நடுவர் அவர்களே, இப்போ கனமான கேள்விக்கு வருகிறேன். எதிரணியிலே அம்மா குத்தினாங்களே: "துப்பாக்கி உயிரைக் குடிக்கிறது. அது பெட்டியிலேயே கிடந்தா உலகத்துக்கு நல்லதுதானே?" உண்மை. மறுக்கமாட்டேன். 1901-இலே அமெரிக்க ஜனாதிபதி மெக்கின்லி விழுந்தது ஒரு மலிவு விலை ஐவர் ஜான்சன் ரிவால்வருக்கு. 1968-இலே ராபர்ட் கென்னடியைச் சாய்த்ததும் அதே கம்பெனியின் சின்ன .22 ரிவால்வர். இதை மறந்துவிட்டு அழகு, கலை, கைவண்ணம் என்று நான் பேசினால் என் நாக்கு அழுகிப் போகும்.

ஆனா கேளுங்கம்மா, அந்தப் பெரியவர் சொன்ன கதையை.

அவருடைய அப்பா சின்ன ஊரிலே போலீஸ்காரர். இரண்டு ரிவால்வர் விட்டுட்டுப் போனார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. தம்பி, அதாவது நம்ம பெரியவர், அப்பாவின் பிறந்தநாள் அன்றைக்கு வருஷா வருஷம் எடுத்துச் சுட்டார், துடைத்தார், பூட்டினார். அண்ணனுக்கு அப்பா மேலே பாசம் அதிகம். "அப்பா கை பட்டது, அது அப்படியே இருக்கட்டும்" என்று தோல் உறையோடு துணியிலே சுற்றி அலமாரி இழுப்பறையிலே வைத்துவிட்டார். இருபத்தேழு வருஷம். தொடவே இல்லை.

அண்ணன் இறந்த பிறகு தம்பிதான் போய் இழுப்பறையைத் திறந்தார். தோல் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, இரும்பு பட்ட இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி துருக் குழி. அது போகட்டும். உருளையைத் திறந்தார். உள்ளே கறுத்துப் போன ஆறு தோட்டா.

அப்பா போட்ட தோட்டா, நடுவர் அவர்களே! இருபத்தேழு வருஷமா அது நிறைஞ்ச துப்பாக்கி. அந்த அறையிலேதான் அண்ணனுடைய பேரப்பிள்ளைகள் ஒளிஞ்சு பிடிச்சு விளையாடியிருக்கின்றன. பூட்டுகூட இல்லாத இழுப்பறை! அந்த அண்ணன் கெட்டவரா? இல்லே. பாசக்காரர். பாசத்தினாலே தொடாம விட்டார். தொடாததினாலே தெரியாமப் போச்சு. சொல்லும்போது அந்தப் பெரியவர் கை நடுங்கினதை நான் பார்த்தேன்.

தம்பியின் பெட்டகத்திலே துப்பாக்கி ஒரு பூட்டு, தோட்டா ஒரு பூட்டு. எடுக்கிறபோதெல்லாம் திறந்து பார்ப்பார். குழலை ஆள் இருக்கிற பக்கம் திருப்பமாட்டார். சுடுகிற நேரம் வரைக்கும் விரல் விசைக்குள்ளே போகாது. எது ஆபத்தம்மா? எடுத்துப் பழகினதா, தொடாமல் வைத்ததா?

அவர் மண்மேட்டுக்கு எதிரே காகித இலக்கைக் குறிவைத்துச் சுட்டதைக் காதிலே பஞ்சுமூடியோடு பக்கத்திலே நின்று பார்த்தேன். நான் சுடலே. விசாவிலே வந்த விருந்தாளி கையிலே துப்பாக்கி எடுக்க அந்த நாட்டுச் சட்டம் பொதுவா இடம் தர்றதில்லே. ஆறு தடவை. முடிந்ததும் துடைத்தார், ஈயம் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பிறகு சொன்னார்: "இந்தக் கைப்பிடியிலே என் அப்பா கட்டைவிரல் தேய்ச்ச பள்ளம் இருக்கு. பிடிச்சாத்தான் அது தெரியும். பார்த்தாத் தெரியாது."

புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாட்டு உங்களுக்குத் தெரியும். தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையாக் காட்டினான். எல்லாம் பளபளப்பு, எல்லாம் அலங்காரம். ஔவைப் பாட்டி பார்த்தாள். அதியமானின் ஆயுதங்கள் கொல்லன் பட்டறையிலே கிடக்கின்றன என்று சொல்லிவிட்டு வந்தாள். புகழ்வது போலே ஒரு குத்து! அலங்காரத்திலே இருப்பது அறியாமை, தேய்மானத்திலே இருப்பது அனுபவம் என்று காட்டினாள். அதுவும் எதற்கு? போர் வேண்டாம் என்று சொல்லப் போன இடத்திலே!

ஊருக்கு வந்ததும் முதல் வேலையா என் பீரோவைத் திறந்தேன். என் அப்பாவின் பேனா. பதினெட்டு வருஷமா 'பாதுகாப்பா' வைத்திருந்தேன். நிப்பும் கட்டையும் மை காய்ஞ்சு கெட்டியாகிவிட்டது. அப்பா நினைவைக் காப்பாத்துறதா நினைச்சுக்கிட்டு, அவர் பேனாவின் தொண்டையை அடைச்சிருக்கேன். மூன்று நாள் தண்ணியிலே ஊற வைத்து, பேனாக் கடையிலே கொடுத்துச் சரி செய்தேன். இதோ, இன்றைய பேச்சுக்கான குறிப்பு இந்தப் பேனாவிலே எழுதினதுதான். (கைதட்டல்) கொஞ்சம் ஒழுகுது. சட்டைப்பையிலே கறை. என் வீட்டுக்காரி திட்டுறா. திட்டட்டும்! அப்பா சட்டையிலும் இதே இடத்திலே இதே கறை இருந்தது.

ஆகவே, நடுவர் அவர்களே, அரிய பொருள்களாலே இன்பம் எடுத்துப் பயன்படுத்துவதிலேதான் என்று தீர்ப்புச் சொல்லுங்கள். அதற்கு முன்னாலே இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒவ்வொருவரும் வீட்டிலே நெடுநாளாத் திறக்காத ஒரு இழுப்பறையைத் திறந்து பாருங்கள்.