சீட்டில் பெயர் வந்தவர்களும் கணக்கில் வராதவர்களும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'ஜனநாயகத்தின் தாயகம் கிரேக்கம்' என்று பள்ளியில் படித்தோம். கொஞ்சம் வளர்ந்ததும், 'அது அடிமைகளின் முதுகில் நின்ற ஜனநாயகம்' என்று இன்னொரு வரியையும் கற்றுக்கொண்டோம். இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நமக்குப் பயன். பிறப்பின் பிடியிலிருந்து அதிகாரத்தை விடுவிக்க முயன்ற ஒரு நகரம், அதே பிறப்பைக் காட்டி எப்படிக் கதவை மூடியது? இன்று அதைத்தான் பேசப்போகிறேன்.

ஏதென்ஸில் கடனைக் கட்ட முடியாத உழவர்கள் அடிமைகளாக விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. கி.மு. 594இல் சோலோன், ஆளையே அடகு வைத்துக் கடன் வாங்கும் முறையைத் தடைசெய்தார். கி.மு. 508இல் கிளெய்ஸ்தனிஸ் இன்னும் ஆழமாகக் கை வைத்தார். பரம்பரைக் குலங்களின் வழியே நடந்த அரசியலை உடைத்து, ஊர்களை அடிப்படையாக வைத்து 10 புதிய பிரிவுகளை உண்டாக்கினார். ஒருவரைத் தந்தை பெயரால் சுட்டாமல் ஊர்ப் பெயரால் சுட்ட வேண்டும் என்பது நோக்கம். தந்தை பெயரைச் சொன்னால் புதிதாகக் குடியுரிமை பெற்றவர் யார் என்பது வெளிப்பட்டுவிடும் அல்லவா? பெயரைக் கேட்டே ஆளை எடைபோடும் ஊரில் வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது சீட்டுக் குலுக்கல். ஏதென்ஸை அன்றாடம் நிர்வகித்த அவையில் 500 பேர். பிரிவுக்கு 50 பேர் எனச் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். பதவி ஓராண்டுக்கு, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. வழக்குகளை விசாரிக்க ஆண்டுதோறும் 6,000 பேரைச் சீட்டில் எடுத்தார்கள். ஒருநாள் வேலையை விட்டால் அடுப்பெரியாதவர்களும் நீதிமன்றத்தில் உட்கார வேண்டும் என்றால் படி கொடுக்க வேண்டும். அதைப் பெரிக்கிளிஸ் கொண்டுவந்தார். படைத்தளபதிகளை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

உடனே எழுந்த எதிர்ப்பு என்ன தெரியுமா? 'தகுதி'! கப்பலோட்டத் தெரிந்தவனைத்தானே மாலுமியாக்குவோம், ஆட்சியை மட்டும் கண்டவனிடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்கள். பிளேட்டோவின் வாதமும் இதுதான். ஆனால் அவரே எழுதிய உரையாடல் ஒன்றில் புரோட்டகோரஸ் பதில் சொல்கிறார்: தொழில்திறன் சிலருக்குச் சிலருக்கு என்று பிரித்துத் தரப்பட்டது, நீதியுணர்வோ எல்லோருக்கும் தரப்பட்டது. இல்லையென்றால் ஊர் என்று ஒன்றே இருக்க முடியாது. இடஒதுக்கீட்டு விவாதங்களில் நாம் நினைவில் வைக்க வேண்டிய பதில் இது.

சரி, அந்த 'எல்லோரும்' யார்? பெண்கள் இல்லை. தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்து வரி கட்டிய வெளியூரார் இல்லை. அடிமைகள் இல்லவே இல்லை. கி.மு. 451இல் தாய், தந்தை இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் குடியுரிமை என்று சட்டம் வந்தது. கொண்டுவந்தவர், ஏழைகளுக்குப் படி கொடுத்த அதே பெரிக்கிளிஸ். பங்கு போட ஏதோ ஒன்று கிடைத்ததும், பங்குக்கு யார் வரலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது.

லாரியோன் வெள்ளிச் சுரங்கங்களில் அடிமைகள்தான் வெட்டினார்கள். நிக்கியாஸ் என்ற செல்வர் 1,000 அடிமைகளை அங்கே வாடகைக்கு விட்டிருந்ததாக ஸெனொஃபோன் எழுதுகிறார். நீதிமன்றத்தில் அடிமையின் வாக்குமூலம் சித்திரவதை செய்து பெற்றால்தான் செல்லும். பெலொப்பொனேசியப் போரின்போது தப்பிக்க வழி கிடைத்ததும் 20,000க்கு மேற்பட்டோர் ஓடிவிட்டார்கள் என்கிறார் தூசிடிடீஸ். அடிமைகள் தங்கள் நிலையை ஏற்றுக்கொண்டார்கள் என்பவர்களுக்கு அந்த ஓட்டமே பதில்.

இதற்குப் பிறகுதான் அரிஸ்டாட்டில் வருகிறார். சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்று 'அரசியல்' நூலில் வாதிடுகிறார். ஆனால் ஏதென்ஸ் கோட்டைக் குன்றில் எரெக்தியம் கோயில் கட்டிய கணக்கு கல்வெட்டாகவே கிடைத்திருக்கிறது. அதில் குடிமகன், வெளியூரான், அடிமை மூவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே வேலை செய்து, ஒரே கூலிக்குப் பதிவாகியிருக்கிறார்கள். அடிமையின் கூலி எசமானின் பைக்குப் போயிருக்கும், கைத்திறன் அவனுடையதுதானே! அரிஸ்டாட்டில் பிறப்பதற்கு முன்பே அவருக்கு மறுப்பு கல்லில் பொறிக்கப்பட்டுவிட்டது.

மறுத்துப் பேசியவர்களும் இருந்தார்கள். இயற்கை யாரையும் அடிமையாக்கவில்லை என்றார் அல்கிடாமஸ். கிரேக்கரும் அயலாரும் ஒரே மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள் என்று நினைவூட்டினார் ஆண்டிஃபோன். அடிமைமுறை வெறும் மனிதர் போட்ட சட்டம்தான் என்று சிலர் சொல்வதாக அரிஸ்டாட்டிலே குறிப்பிடுகிறார். எதிர்ப்பு இருந்ததால்தான் நியாயப்படுத்த ஒரு தத்துவம் தேவைப்பட்டது.

மனிதர்களின் உடலில் கடவுள் தங்கம், வெள்ளி, இரும்பு கலந்து படைத்தார் என்ற கதையை மக்களை நம்பவைக்க வேண்டும் என்றார் பிளேட்டோ. அது பொய் என்று தெரிந்தே சொன்னார். நம் ஊரில் முகம், தோள், தொடை, பாதம் என்று சொன்னவர்கள் அதைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் உடைத்தார். மனிதர்களை மூன்று நான்கு கூடைகளில் அடைக்க முடியாது. ஒவ்வொருவரும் தனித்தனி என்பது அவர் வாதம்.

தோழர்களே, கிரேக்கத்திலிருந்து சீட்டுக் குலுக்கலை எடுத்துக்கொள்வோம். புரோட்டகோரஸின் பதிலை எடுத்துக்கொள்வோம். கூடவே, 'எல்லோரும் சமம்' என்று யார் சொன்னாலும், அந்த எல்லோரில் சுரங்கத்துக்குள் இருப்பவர் உண்டா என்று கேட்போம். நம் இயக்கங்களையும், நம் வீடுகளையும் பார்த்து முதலில் கேட்போம்.