குறிக்குப் பின்னால் உள்ள மலை

பதுளை நகரிலே உள்ள புனித மாற்கு தேவாலயம், மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பவருடைய நினைவாக எழுப்பப்பட்டது. ஊவாவில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த அவர், 1,400 யானைகளுக்கு மேல் சுட்டு வீழ்த்தியவர் என்று பேசப்படுபவர். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அப்புத்தளையிலே இடி விழுந்து அவர் மாண்டார். அந்நாளில் துப்பாக்கி ஏந்திப் புறப்பட்ட ஒருவருக்கு இந்த மலைநாடு முழுவதும் ஆளற்ற வேட்டைக்களமாகவே தோன்றியிருத்தல் கூடும். அன்றும் அங்கே கிராமங்கள் இருந்தன. அது வேறு கதை.

இன்று அம்மலைகளிலே காடு சுருங்கித் தேயிலை பரந்திருக்கிறது. பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை என்று எப்பக்கம் திரும்பினாலும் லயங்களும் அவற்றில் வாழும் குடும்பங்களுமே. ஆயினும், காற்றுத் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்துவிட்டால், நம் இளைஞர் பலருக்கு அந்தப் பழைய மயக்கமே மீண்டும் உண்டாகிறது. லயத்துக்கு மேலே ஏறிவிட்டால் யாரும் இல்லை, அங்கே சுட்டுப் பழகலாம் என்று கருதுகிறார்கள்.

கடைத்தெருவில் எயார் ரைபிள் எனப்படும் இதனைச் சிறுவர் விளையாட்டுப் பொருள் என எண்ணுவோர் உளர். வெடிமருந்து இல்லை, பெரும் ஓசையும் இல்லை என்பதனால் வந்த எண்ணம் அது. அதன் ஈயச் சன்னம் 4.5 மில்லிமீற்றர் விட்டமும் ஏறக்குறைய அரைக் கிராம் எடையும் உடையது. ஆனால் மேல்நோக்கிச் சுட்டால் 300 மீற்றருக்கு அப்பாலும் அது சென்று விழக்கூடும். பத்து மீற்றர் தூரத்தில் நிற்கும் பிள்ளையின் கண்ணைக் குருடாக்க அதற்கு ஒரு கணம் போதும். அந்தக் கண் திரும்பி வருவதில்லை.

தேயிலை மலையைத் தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது வெறும் பச்சைச் சரிவு. அதற்குள்ளே இடுப்பளவு செடிகளுக்கு நடுவில் குனிந்து புல் வெட்டுபவரும், கான் துப்புரவு செய்பவரும், குறுக்குப் பாதையில் பாடசாலைக்கு இறங்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். நிரையின் வளைவு அவர்களை மறைத்துவிடும். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டாலோ, இருபது அடிக்கு அப்பால் நிற்பவரையும் காண முடியாது. ஆதலால் இங்கே இடம் தேடுபவன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, குறி எங்கே என்பதன்று. குறி தவறினால் சன்னம் எங்கே போய் நிற்கும் என்பதே. மலைமுகட்டில், வானத்தைப் பின்னணியாக வைத்துச் சுடுவது எக்காரணம் கொண்டும் கூடாது. முகட்டுக்கு மறுபுறத்தில் வேறொரு லயம் இருக்கும்.

குறிக்குப் பின்னால் மண் இருத்தல் வேண்டும். கருங்கற் பாறை கூடாது. அதில் பட்ட சன்னம் எத்திசையில் தெறிக்கும் என்று எவராலும் சொல்ல இயலாது. மற்ற நாடுகளிலே இதற்குக் குன்றின் அடியை வெட்டி மண்சுவர் அமைத்துக்கொள்வது உண்டு. ஊவாவில் அந்த யோசனை ஆபத்தானது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்ததை இம்மாவட்டத்தில் மறந்தவர் எவர்? சரிவின் அடியைத் தோண்டுவது அதன் பிடிமானத்தைத் தளர்த்துவதாகும். மண்வெட்டியைத் தொடாமல், சமதரையில் மணல் மூட்டைகளை ஆளுயரத்துக்கு மேல் இரண்டு வரிசையாக அடுக்கிக்கொள்வதே தக்கது. சாக்குக்குப் பஞ்சமில்லை, மணலுக்குச் சற்றே அலையவேண்டி வரும்.

இன்னும் ஒன்று. மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் குளவிக் கூடுகள் உண்டு. கொழுந்து பறிக்கும் பெண்கள் குளவி கொட்டி உயிரிழந்த செய்திகள் நாம் அடிக்கடி கேட்பவை. கலைந்த குளவி, கலைத்தவனைத் தேடிப் பிடிப்பதில்லை. கீழ்மலையில் கூடையோடு நிற்பவரையே சூழ்ந்துகொள்ளும். எனவே மரத்தில் குறியைத் தொங்கவிடும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும். பீலிக்கரைக்கு மேற்புறமும் ஆகாது. ஈயம் நஞ்சு, அது ஊற்றுக்கண்ணில் சேரலாகாது. சுட்டு முடிந்ததும் சன்னங்களைப் பொறுக்கி எடுத்துச் செல்வது சுட்டவன் கடன்.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் உட்பட்ட இடம் கிடைக்குமா என்று ஐயுறவேண்டாம். வேண்டிய இடம் மிகச் சிறியது. 1984ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் காற்றுத் துப்பாக்கிப் போட்டியின் தூரம் வெறும் பத்து மீற்றர். அதன் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டு அரை மில்லிமீற்றர், ஊசிமுனை போன்றது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டின் தெஹானி எகொடவெல போட்டியிட்டது இந்தப் பிரிவிலேதான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் இதே தூரத்தில் நின்றுதான் உலக அரங்கில் பெயர் பெற்றார். காற்றுக்குச் சன்னம் விலகும் மலைமுகட்டைவிட, பாவனையில் இல்லாத கட்டடம் ஒன்றின் பின்முற்றமே கைக்கும் கண்ணுக்கும் நல்ல பயிற்சி தரும். நுழைவாயில் ஒன்றாக இருந்தால் காவலுக்கு ஒரு தோழன் போதும்.

தோட்டத்து நிலம் தோட்டத்தினுடையது. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாகி, 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்ற பின்னும், எந்தத் துண்டு நிலம் யார் பொறுப்பில் உள்ளது என்பது பலருக்குத் தெளிவில்லை. முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுவதே முறை. துப்பாக்கியை வைத்திருப்பதற்கும் சட்டம் உண்டு. துப்பாக்கிகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத்தது. மாவட்டச் செயலகத்தில் விசாரித்து, வேண்டிய பத்திரத்தைப் பெறாமல் அதனை வாங்கவே கூடாது.

குரங்கின் தொல்லைக்காகவே துப்பாக்கி தேடுவோரும் இருக்கிறார்கள். அவர்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. வாழைக்குலையை இழந்தவனுக்கே அது தெரியும். 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி, தோட்டங்களுக்கு வரும் விலங்குகளை நாடெங்கும் ஒரே வேளையில் எண்ணும் அளவுக்கு அத்தொல்லை பெருகியது. ஆயினும் ஓடும் குரங்கின் பின்னே துப்பாக்கியைத் திருப்புகிறவன், மேலே சொன்ன எந்த இடத்தையும் தேர்ந்துகொள்வதில்லை. குரங்கு போன திசையே அவன் திசை. அங்கே கூரையும் இருக்கும், முற்றமும் இருக்கும்.

நாளும் வேளையும் பார்த்துக்கொள்வது இறுதியாக எஞ்சுவது. ஞாயிற்றுக்கிழமை மலையில் வேலை இல்லை, அன்று சுடலாம் என்று முடிவு செய்துவிடுவது எளிது. விறகு பொறுக்குவோர் யூக்கலிப்டஸ் காட்டுக்குள் போவதும், பிள்ளைகள் கொய்யா தேடிச் சரிவெங்கும் ஏறுவதும் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான். முதல்நாள் மாலையே லயத்தின் இருபுறமும் சொல்லிவைத்து, காலையில் ஒருமுறை அவ்விடத்தைச் சுற்றி நடந்து பார்த்த பின்னரே முதற் சன்னத்தை இடவேண்டும்.