பெருந்தீயும் ஒரு பெயர்ப்பட்டியலும்



ஒரு விளையாட்டுக் கழகத்தின் உடைமைகள் யாவை என்று கேட்டால், மைதானம், பந்து, வலை, வென்ற கிண்ணங்கள் என்று அடுக்கிச் சொல்லுவோம். செயலாளரின் கையிலுள்ள அங்கத்தவர் பெயர்ப்பட்டியலை எவரும் உடைமையாக எண்ணுவதில்லை. சந்தாப் பணம் அறவிடுவதற்கு உதவும் கடதாசி என்ற அளவிலேயே அதற்கு மதிப்பு. அத்தகைய பட்டியலொன்று உயிர்களைத் தேடும் கருவியாக மாறிய வரலாற்றை இன்று கூற விரும்புகின்றேன். நிகழ்ந்த இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலம், ஆண்டு 2018.

அம்மாநிலத்தின் வடபாகத்திலே, சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில், பரடைஸ் என்றொரு சிறு நகரம் உண்டு. சுவர்க்கம் என்பது அப்பெயரின் பொருள். ஏறக்குறைய 26,000 மக்கள் அங்கு வாழ்ந்தனர். பைன் மரங்களின் நடுவே, இருபுறமும் ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் சூழ்ந்த மலைமுகட்டின்மீது அமைந்த ஊர் அது. அழகான இடந்தான், ஆயின் வெளியேறும் பாதைகளோ மிகச் சில. உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்ற முதியோர் பலர், குறைந்த செலவில் அமைதியாக வாழலாமென்று வந்து குடியேறியிருந்தனர்.

அவ்வூரின் உயர்தரப் பாடசாலைக்கு ஓர் உதைபந்தாட்டக் குழு இருந்தது. நம் ஊர்க் கழகங்கள் ஆடும் ஆட்டத்தை நேயர்கள் எண்ணிவிடலாகாது. தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்து, முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம் அது. அதற்கு உதைபந்தாட்டம் என்று பெயரிட்டவர்களின் நியாயம் அவர்களுக்கே வெளிச்சம். அந்நாட்டுச் சிற்றூர்களிலே, பருவகாலத்தில் வெள்ளிக்கிழமை இரவு வந்துவிட்டால், கிழவர் முதற் குழந்தைகள் ஈறாக ஊரே பாடசாலை மைதானத்தில் திரளும்.

2018 நவம்பர் 9ஆம் திகதி வெள்ளிக்கிழமை, றெட் பிளவ் என்னும் ஊரின் பாடசாலையோடு பரடைஸ் குழு முக்கியமானதொரு போட்டியில் மோதவிருந்தது. அதற்கு முதல்நாட் காலை ஆறரை மணியளவில், மலைக்குள்ளே பல்கா என்னுமிடத்துக்கு அருகில், மிகப் பழைய மின்கம்பித் தொடரொன்றிலே தேய்ந்துபோயிருந்த ஒரு கொக்கி அறுந்தது. தெறித்த பொறி காய்ந்த புல்லைப் பற்றியது. அவ்வாண்டு மழை இன்னும் தொடங்கவில்லை. வறண்ட காற்றோ கிழக்கிலிருந்து பலமாக வீசிக்கொண்டிருந்தது. காற்று தீக்கொள்ளிகளை முன்னே ஏவி, எட்டு மணியளவிலே ஊருக்குள் நெருப்பைக் கொண்டுவந்து விட்டது. இறுதிக் கணக்கில் 85 உயிர்கள் போயின. 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. மின்கம்பித் தொடருக்குரிய பசிபிக் காஸ் அன்ட் இலக்றிக் கம்பனி, 84 பேரின் மரணங்களுக்குத் தான் குற்றவாளியே என்று 2020இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

தொலைபேசிகள் என்னவாயின என்று நேயர்கள் கேட்கலாம். ஆபத்துக் காலத்தில் வீடுவீடாகத் தொலைபேசிமூலம் எச்சரிக்கும் ஏற்பாடு அங்கு இருந்தது உண்மையே. ஆனால், முன்கூட்டியே தம் இலக்கங்களைப் பதிவு செய்தவர்களுக்கு மாத்திரமே அவ்வெச்சரிக்கை சேரும். பதிவு செய்யாதோர் மிகப் பலர். கைத்தொலைபேசிக் கோபுரங்களும் முதல்நாளிலேயே ஒன்றன்பின் ஒன்றாக எரியலாயின. பாதையிலே மோட்டார் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. தாய் ஒரு வண்டியிலும், பிள்ளை இன்னொரு வண்டியிலும், தந்தை வேலைத்தலத்திலுமாகப் பிரிந்த குடும்பங்கள், எவர் எங்கே என்று அறியாமலே மலையைவிட்டு இறங்கின.

இறங்கியபின் தொடங்கியது தேடல். காணாமற்போனோரின் பட்டியலொன்றை அதிகாரிகள் வெளியிட்டனர். ஒரு கட்டத்தில் அதிலே 1,200க்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. அத்தனை பேரும் மாண்டுவிட்டனர் என்பது அதன் பொருளன்று. கேட்டவர் கேட்டபடியே எழுதப்பட்ட பட்டியல் அது. ஒருவரின் பெயரே இருவேறு எழுத்துக்கூட்டலில் இரு முறை வந்ததுண்டு. சிக்கோ நகரத்துக் கடையொன்றின் முற்றத்திலே கூடாரமடித்துத் தங்கியிருந்தோரும், தூரத்து நண்பர் வீட்டிற் படுத்திருந்தோரும், தம்மை எவரோ தேடுகின்றனர் என்பதை அறியாதிருந்தனர். அறிந்தவர்கள் “நான் இருக்கின்றேன்” என்று சொல்லச் சொல்லவே பெயர்கள் ஒவ்வொன்றாக நீங்கின.

இவ்விடத்திலேதான் உதைபந்தாட்டக் குழுவின் பட்டியல் வேறுபடுகின்றது. அது சிறியது, பிழையற்றது. குழுவின் தலைமைப் பயிற்சியாளர் றிக் பிறின்ஸ், ஆண்டுகள் பலவாக அவ்வூர்ப் பிள்ளைகளைப் பழக்கியவர். ஒரு பயிற்சியாளர் தன் ஆட்டக்காரரைப் பற்றி அறிந்திருப்பவை பல. எவன் பாட்டியுடன் வசிக்கின்றான், எவனுடைய தாய் இரவு வேலைக்குப் போகின்றாள், எந்த இரண்டு பேர் ஒன்றாகவே வண்டியேறி வருவார்கள் என்பன பாடசாலை ஏடுகளிலே காணப்படாதவை. பேச்சுக்கு இணைப்புக் கிடையாதபோதும் குறுஞ்செய்தி சில வேளை நுழைந்துவிடும். இளைஞரோ குறுஞ்செய்தியில் வல்லவர்கள். பயிற்சியாளர்கள் ஆட்டக்காரரைத் தேட, ஆட்டக்காரர் ஒருவரையொருவர் விசாரித்தனர். வெள்ளிக்கிழமை ஆட்டத்தை விட்டுக்கொடுப்பதாகக் குழு அறிவித்தது. அந்நேரத்தில் ஆட்டம் எவருக்கு நினைவிருக்கும்? ஆட்டக்காரருள் மிகச் சிலரைத் தவிர ஏனையோர் யாவரும் வீடிழந்திருந்தனர்.

நவம்பர் 12ஆம் திகதி, திங்கட்கிழமை. தீ மூண்டு நாலு நாட்கள் கழிந்திருந்தன; மலையில் அது இன்னும் அணையவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் தொழில்முறைக் குழு, சான்ரா கிளாராவிலுள்ள தன் பெருமைதானத்திற்குப் பரடைஸ் பிள்ளைகளை அழைத்தது. தேசிய கீதம் இசைக்கப்பட்டபொழுது அவர்கள் மைதானத்திலே நின்றனர். புகழ்வாய்ந்த குழுவின் தயாள சிந்தையைப் பத்திரிகைகள் பாராட்டின, பாராட்டுக்குரியதே. ஆனால் என் மனத்திற்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பல ஊர்களிலே சிதறிக் கிடந்த பிள்ளைகளை நாலே நாட்களில் தேடிப் பிடித்து ஓரிடத்திற் கொண்டுவந்து நிறுத்த முடிந்ததல்லவா? கணக்கெடுப்பு அதற்குள் பெரும்பாலும் முடிந்திருந்தது.

இனி, மறுபக்கத்தையும் சொல்லாதுவிடின் பேச்சு முழுமை பெறாது. அத்தீயில் மாண்டவருட் பெரும்பாலோர் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள். நடக்க இயலாதோர், தனித்து வாழ்ந்தோர், வாகனமற்றோர் எனப் பலர். வீட்டினுள்ளேயே இறந்து கிடந்தோர் உண்டு. வண்டியில் ஏறியும் தப்பாதோர் உண்டு. எந்தக் குழுவின் பட்டியலிலே இவர்களுடைய பெயர் இருந்திருக்கும்? பதினேழு வயது இளைஞனைத் தேடப் பயிற்சியாளரும் தோழர்களும் இருந்தனர். அந்தப் பாடசாலைக்காக நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஆடிய ஒருவர், இன்று மூட்டுவலியோடு மரவீட்டில் தனியே இருப்பாராயின், அவரை விசாரிக்க வேண்டியவர் யார்? வாயிலில் அனுமதிச் சீட்டு விற்றவர், புல் வெட்டியவர், ஆட்டந்தோறும் அதே ஆசனத்தில் வந்தமர்ந்த விதவைத் தாய் என்போரும் கழகத்தைச் சேர்ந்தவர்களே என்று சொல்லுகின்றோம். பட்டியலிலேயோ அவர்களை எழுதுவதில்லை. பழைய ஆட்டக்காரரின் பெயர்களையும் முகவரிகளையும் இளையவர் சிலரிடம் பகிர்ந்து கொடுத்து, ஆபத்து நாளில் இன்னாரை இன்னார் விசாரிக்க வேண்டுமென்று வகுத்து வைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு மாலைப்பொழுது போதும்.

பரடைஸ் குழுவின் கதை தொடர்ந்தது. பாடசாலை, சிக்கோ விமான நிலையத்தருகே தற்காலிகமாக நடந்தது. அருகிலிருந்த வெறுந்தரையிலே குழு பயிற்சி செய்தது. குடும்பங்கள் பல வேறு ஊர்களுக்குப் போய்விட்டமையால், ஆட்டக்காரரின் தொகை முன்னைய ஆண்டிற் பாதிக்கும் குறைவாயிற்று. ஓய்வு பெற எண்ணியிருந்த பிறின்ஸ் அவ்வெண்ணத்தைக் கைவிட்டார். சுற்றுப்புறம் எரிந்தபோதும் பாடசாலை மைதானம் தப்பியிருந்தது. 2019 ஓகஸ்ட் 23ஆம் திகதி, அங்கேயே வில்லியம்ஸ் பாடசாலைக் குழுவை எதிர்த்து 42க்குப் பூச்சியம் என்று வென்றார்கள். அப்பருவத்தில் அடுத்தடுத்து வெற்றிபெற்றுப் பிரிவின் இறுதிப்போட்டி வரை சென்று, சட்டர் பாடசாலையிடம் தோற்றனர்.