கச்சானுக்கு அஞ்சாத முற்றம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சங்க மண்டபத்து முன்றலை அழகுபடுத்த வேண்டும் என்ற பேச்சு நம்மிடையே எழுந்திருக்கின்றது. பச்சைப் புல் விரிக்க வேண்டும், ஓரத்திலே குரோட்டன் வைக்க வேண்டும் என்பது இளைஞர் பலரின் விருப்பம். விருப்பம் நல்லதே. ஆனால் அந்தப் புல்லுக்கு ஆனி, ஆடியிலே தண்ணீர் வார்ப்பவர் யார் என்பதை முதலில் யோசிக்கக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

நமது திருகோணமலை மழையே காணாத ஊர் அன்று. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கின்றது. இலண்டன் மாநகரில் இதிற் பாதி கூடப் பெய்வதில்லை. ஆயினும் நமது மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. பிறகு கச்சான் காற்றுக் கிளம்பினால் மண் சுடும், கிணறு இறங்கும், இலை கருகும். குழாயிலே வரும் தண்ணீரோ கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். அந்தக் குளத்தையே நம்பி வயல்களும் இருக்கின்றன.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீற்றர் நிலத்திலே ஒரு மில்லிமீற்றர் நீர் என்றால் அது ஒரு லீற்றர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீரைப் புற்றரை இழக்கின்றது என்று வைத்துக்கொண்டால், பத்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமுமான முன்றலுக்கு ஒவ்வொரு நாளும் 500 லீற்றர் வேண்டும். கிணற்றிலே வாளி போட்டு இறைத்தவர்களுக்கு இது எத்தனை வாளி என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

அமெரிக்க நாட்டிலே டென்வர் என்றொரு நகரம் உண்டு. அங்கே குடிநீர் வழங்கும் சபையார் 1981ஆம் ஆண்டில், குறைந்த நீரிலே தோட்டம் அமைக்கும் முறைக்குச் ‘சீரிஸ்கேப்’ என்று பெயர் சூட்டினார்கள். ‘வறண்ட’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அதிக நீர் கேட்பனவற்றை ஓரிடத்திலே சேர்த்து வை, மண்ணை மூடி வை, அந்த மண்ணுக்கு ஏற்றதை நடு என்பன அம்முறையின் முக்கிய விதிகளிற் சில.

இங்கே அமர்ந்திருக்கும் ஆச்சிமார் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். வாழையும் கமுகும் கறிவேப்பிலையும் கிணற்றடியிலே. குளித்த தண்ணீர் அவற்றுக்கே. வேலியிலே பூவரசும் கிளுவையும். வாசலிலே ஒரு வேம்பு. நடுவிலே கூட்டிப் பெருக்கிய வெறும் மணல் முற்றம். அதற்கு ஒரு சொட்டு நீரும் வேண்டாம். தென்னங்கன்று வைக்கும்போது குழியிலே உரிமட்டையை அடுக்கினார்கள். அது மாரி நீரைக் குடித்து வைத்திருந்து கோடையிலே வேருக்குக் கொடுக்கும். டென்வர் நகரத்தார் பெயரிட்டதை நமது வீடுகள் பெயரில்லாமலே செய்துவந்தன.

ஆகவே முன்றலிலே எதை நடலாம்? நமது காட்டைப் பார்த்தாலே விடை கிடைக்கும். பாலை, வீரை, முதிரை ஆகிய மரங்களுக்குக் கோடையிலே தண்ணீர் ஊற்றியவர் எவருமில்லை. பாலையின் இலை தடித்துத் தோல் போன்றிருப்பதால் நீரை எளிதில் விடாது. அது மிக மெதுவாக வளரும் மரம். நடுகிறவர் பழம் தின்பது அருமை. எனினும் பாலைப்பழத்தைத் தின்று உதடு ஒட்டிக்கொண்ட அனுபவம் இனி வரும் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டுமே.

பூசைக்குப் பூ வேண்டுமே என்று பெரியவர்கள் கேட்பது நியாயம். கொன்றையை விடச் சிவனுக்கு உகந்த பூ எது? அதுவும் சித்திரை, வைகாசி வெய்யிலிலே, மற்றவை வாடும் நேரத்திலே பொன்னாகத் தொங்குவது. வில்வமும் வறட்சியைத் தாங்கும். ஆவிரை சிறு செடியாக நின்று மஞ்சளாகப் பூக்கும். வேலி ஓரத்துக்கு நொச்சியும் ஆடாதோடையும் போதும்; ஆடாதோடையை ஆடும் தொடாது, கட்டாக்காலி மாடும் கவனியாது. புல்லேதான் வேண்டும் என்பார்க்கு அறுகு இருக்கின்றது. கோடையிலே காய்ந்ததுபோலக் கிடந்து முதல் மழைக்கே தளிர்க்கும் புல் அது. பிள்ளையாருக்கும் வேண்டியது.

வறட்சியைத் தாங்குகின்றது என்பதற்காக எதையும் கொண்டுவந்து நட்டுவிடவும் கூடாது. உவர்நிலத்தைச் சீராக்கவென்று 1950களில் அம்பாந்தோட்டைப் பகுதிக்குச் சீமைக் கருவேலைக் கொண்டுவந்தார்கள். இன்று அது பூந்தல தேசியப் பூங்காவிலே சுதேச மரஞ்செடிகளை நெருக்கித் தள்ளிக்கொண்டு நிற்கின்றது.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். சுதேச மரம் என்றால் தண்ணீரே வேண்டாம் என்பதில்லை. வேர் ஆழம் போகும் வரை, முதல் இரண்டு கோடைகளுக்காவது பார்த்து வளர்க்கவேண்டும். கன்றின் அருகே மண்பானையொன்றைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், அது கசிந்து கசிந்து வேருக்குப் போகும். வெய்யில் அதைக் குடிக்காது. கொன்றை விதையின் தோல் மிகக் கடினமானது. கல்லிலே உரைத்து ஊறவைத்த பின்னரே போடவேண்டும். பாலை, முதிரைக் கன்றுகளைக் காட்டிலே பிடுங்கிவரும் எண்ணம் யாருக்கும் வேண்டாம். வனபரிபாலனத் திணைக்களத்தாரிடம் நாற்றுக் கேட்டுப் பார்க்கலாம்.

முன்றலுக்கு இரண்டு கொன்றை, ஒரு வில்வம், மேற்குப் புறத்திலே கச்சானை மறிக்க மூன்று பாலை, வேலி நெடுக நொச்சி, நடுவிலே மணல் என்பது நாம் முன்வைக்கும் யோசனை. குழிகளைப் புரட்டாதியிலேயே வெட்டி, உரிமட்டை அடுக்கி வைத்துவிட்டால் ஐப்பசி முதல் மழையோடு நட்டுவிடலாம். மண்வெட்டி தருவோரும், மாட்டுக்குக் கூடு கட்டக் கம்பு தருவோரும், பழைய பானை தரும் தாய்மாரும் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.